ஆள் இல்லாத ரூமில் ஓடும் ஃபேன்

சிரிக்கச் சொன்னார்கள் என்பதற்காக ஒரு வேலையை விட்டவள் நான்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலைப் பார்த்தபடி ஒரு ரிசார்ட். அங்கே வரவேற்பு மேசையில் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன். சாவி கொடுப்பேன், ரிஜிஸ்டர் எழுதுவேன், வெள்ளைக்காரர்களிடம் இங்கிலீஷ் பேசுவேன். ஒன்றிலும் குறை கிடையாது. சிரிப்பு மட்டும் வராது. காரணம் இல்லாமல் சிரிக்க எனக்குத் தெரியாது. மேனேஜர் ஒரு நாள் கையகல முகக் கண்ணாடி ஒன்றை வாங்கிவந்து என் மேசையில் வைத்தார். "டெய்லி காலைல அஞ்சு நிமிஷம் இதப் பாத்துப் பழகுங்க மேடம்" என்றார். கண்ணாடியை எடுத்துப்போய் அவர் மேசையிலேயே வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அதன் பிறகுதான் செங்கல்பட்டு வேலை. அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, பார்த்ததை வாயால் சொல்லிப் பதிவு செய்வார்கள். அதைக் காதில் கேட்டு டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் அந்த வேலைக்கு ஊர் ஊராக ஆபீஸ் திறந்தார்கள். செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் ஒன்று இருந்தது. சொந்தக் கம்ப்யூட்டர் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம். சிடியில் பதிவை வாங்கிவர வேண்டும், ஃபிளாப்பியில் டைப் செய்ததைக் கொடுக்க வேண்டும். என் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

ஒரு மாதம் சோதனை. மாதக் கடைசியில் கொடுக்கும் தொகுப்பில் நூறு வார்த்தைக்குத் தொண்ணூற்றெட்டு சரியாக இருந்தால் வேலை. இல்லாவிட்டால் நன்றி, வணக்கம். இந்த விஷயம் எப்படியோ ரிசார்ட் மேனேஜர் காதுக்குப் போய்விட்டது. என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். மேனேஜர் அங்கே வந்து, "உங்க வீட்ல சொல்லுங்க, கண்ணாடி இன்னும் பத்திரமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாராம். வீட்டுக்காரர் அதை என்னிடம் சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

என் எதிரி டாக்டர்களின் இங்கிலீஷ் இல்லை. அவர்கள் மென்றுகொண்டே பேசுவார்கள், நடந்துகொண்டே பேசுவார்கள், அதெல்லாம் பத்து நாளில் பழகிவிட்டது. என் எதிரி கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்தது. பிராசஸரின் தலைமேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஃபேன். சுவிட்ச் போட்ட நொடியிலிருந்து அணைக்கும் வரை ஒரே வேகம், ஒரே இரைச்சல்.

எங்கள் தெருவில் சத்தத்துக்குக் குறைவில்லை. வீட்டுக்குப் பின்னாலேயே சிற்பக் கொட்டகைகள். காலை எட்டு மணிக்கு உளி ஆரம்பித்தால் சாயங்காலம்தான் ஓயும். உளிச் சத்தம் எனக்குத் தொந்தரவே இல்லை. இரண்டு அடிக்கு நடுவில் இடைவெளி இருக்கும், அந்த இடைவெளியில் வார்த்தை காதில் விழுந்துவிடும். ஃபேன் இடைவெளி விடாது. என் ஹெட்போன் மலிவானது, வெளிச் சத்தம் எல்லாம் உள்ளே வரும். வார்த்தையின் முதுகெலும்பு கேட்கும், வால் கேட்காது. ராத்திரி அடிக்கலாம் என்றால் வோல்டேஜ் இறங்கி மானிட்டரில் படம் சுருங்கிவிடும். பெட்டியைத் தள்ளி வைக்கலாம் என்றால் ஒயர் எட்டாது, அறையும் எட்டுக்குப் பத்து.

செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் விற்ற கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் நாற்காலியை விட்டு எழக்கூட இல்லை. "ஏசி போட்டுடுங்க மேடம்" என்றார். ஏசி போட்டால் ஃபேன் மெதுவாக ஓடுமா என்றேன். "அது அப்டியேதான் ஓடும், நீங்க கூலா இருப்பீங்க" என்றார். அந்த ஆளை நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

புது ஃபேன் மாற்றிப் பார்த்தோம். கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற வீட்டில் எந்த ஃபேனும் மூன்று மாதத்துக்கு மேல் ஒழுங்காகச் சுற்றாது. உப்பும் மணலும் பேரிங்கைத் தின்றுவிடும். புதுசும் முழு வேகத்தில்தான் கத்தியது.

கடைசியில் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைப் பிரித்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன்.

"இதுக்கு எப்பவும் பன்னண்டு வோல்ட்டு போய்கினு கீது. சூடு கம்மியா கீறப்பவும் ஃபுல்லு, ஜாஸ்தியா கீறப்பவும் ஃபுல்லு" என்றார்.

"கம்மி பண்ணு."

"கம்மி பண்ணா சூடாவும்."

"கொஞ்சமா கம்மி பண்ணுய்யா. நான் இன்னா ஃபேனையே புடுங்கிப் போடச் சொன்னனா?"

ஐந்து வோல்ட் கொடுத்துப் பார்த்தார். ஃபேன் அசையவில்லை. துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி இறக்கையை லேசாகத் தள்ளினார். சுற்ற ஆரம்பித்து, சத்தமே இல்லாமல் ஓடியது. ஓடுவதற்கு ஐந்து போதும், கிளம்புவதற்குத்தான் போதாது. "தெனம் காலைல நான் ஈர்க்குச்சி எடுத்துகினு நிக்கணுமா?" என்றேன். அந்த இணைப்பைக் கழற்றினார்.

பிறகு அவருடைய கடைப் புத்தியைக் காட்டினார். பழைய ரேடியோவிலிருந்து ஒரு வால்யூம் கண்ட்ரோலைக் கழற்றி, வோல்டேஜைக் குறைக்கிற ஒரு ஐசியோடு சேர்த்து, பெட்டியின் முன்பக்கத்தில் அந்தத் திருகைப் பொருத்தினார். திருகினால் ஃபேன் வேகம் ஏறும், இறங்கும். ஃபேனில் மூன்று ஒயர் இருந்தது. இரண்டு கரண்டுக்கு. மூன்றாவது, எத்தனை சுற்று சுற்றுகிறேன் என்று மதர்போர்டுக்குச் சொல்லும் ஒயர். வேகம் குறைந்தவுடன் போர்டு ஃபேன் செத்துவிட்டது என்று நினைத்து 'பீப் பீப்' என்று கத்தியது. அவர் அந்தப் பீப் அடிக்கும் குட்டி ஸ்பீக்கரைப் பிடுங்கி மேசை டிராயரில் போட்டார். "இப்ப கத்தட்டும்" என்றார். எனக்கு அது பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது.

நாலு நாள் சொர்க்கம். புரியாத இடம் வந்தால் திருகைக் குறைப்பேன், கேட்டு முடித்ததும் கூட்டுவேன். அடுப்புத் தீ மாதிரி அது என் கைக்குப் பழகிவிட்டது.

ஐந்தாம் நாள் கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. காப்பி குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், திரை கறுப்பு. முக்கால் மணி நேரம் அடித்தது போச்சு. அடுத்த நாளும் அதே. துணி எடுக்க மாடிக்குப் போனால் அணைகிறது. மார்க்கெட் போய் வந்தால் அணைந்திருக்கிறது. நான் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் ஒழுங்காக ஓடுகிறது. வைரஸ் என்று திட்டினேன், கரண்டு ஆபீஸைத் திட்டினேன், வீட்டுக்காரரின் சால்டரிங்கைத் திட்டினேன். அவர் மூன்று முறை பிரித்துப் பார்த்து, "எல்லாம் கரீட்டாதான் கீது" என்றார். அதற்கும் திட்டினேன்.

மூன்றாம் நாள் பாதிப் படியிலேயே திரும்பி வந்தேன். மாமியார் பெட்டி முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார். அவர் கை திருகில் இருந்தது.

"அத்த! இன்னா பண்றீங்க?"

"ஆளு இல்லாத ரூம்ல இன்னாத்துக்கு ஃபேனு ஓடிகினு கீது? அதான் கொறச்சேன். வந்து வெச்சிக்கோயேன்."

"அது எனக்கு ஓடற ஃபேன் இல்ல. அதுக்கு ஓடுது!"

"எதுக்கு?"

"பொட்டிக்கு!"

மாமியார் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பொட்டிக்கு வேர்க்குதா?"

என் மாமியார் கடற்கரையில் ஒரு லாட்ஜில் முப்பது வருடம் அறை சுத்தம் செய்தவர். சுற்றுலா வருகிறவர்கள் ஃபேனையும் லைட்டையும் போட்டபடி கோயில் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். பின்னாலேயே போய் ஒவ்வொரு அறையாக அணைப்பதுதான் அவருடைய முதல் வேலை. அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் விரல்களைவிட்டுப் போகவில்லை. எங்கள் வீட்டில் யாராவது பாத்ரூம் போனால்கூட, திரும்பி வருவதற்குள் ஃபேன் நின்றிருக்கும். அவருக்கு வட்டத் திருகு என்றால் ரெகுலேட்டர்தான். ரேடியோத் திருகோ பூஜ்யம் வரைக்கும் போகும், ஃபேன் நின்று சூடேறிப் பெட்டி அணைந்துவிடும். போர்டு அங்கே கத்தத்தான் செய்திருக்கும், அதன் வாயைத்தான் நாங்கள் பிடுங்கி டிராயரில் போட்டிருந்தோமே.

இதையெல்லாம் நான் அப்போது யோசிக்கவில்லை. கத்தினேன். மூன்று நாள் வேலை போனதையும், வேலையே போகப்போவதையும், கண்ணாடியையும் சேர்த்துக் கத்தினேன். மாமியார் உள்ளே போய்விட்டார். அன்று ராத்திரி என் தட்டை மட்டும் 'ணங்' என்று வைத்தார்.

வீட்டுக்காரர் கேட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு தன் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ம்மா, பொட்டிக்குள்ள ஆளு கீறாங்கன்னு நெனச்சுக்கோ. அவங்க வெளிய போவல. அவ்ளோதான்" என்றார். மாமியார் பெட்டி இருந்த அறைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

திருகைக் கழற்றியாகிவிட்டது. அதற்குப் பதில் வீட்டுக்காரர் சென்னையிலிருந்து மிளகு அளவில் சூடு பார்க்கிற மணி ஒன்றை வாங்கிவந்தார். இரண்டு கால், அதில் நீளமாக ஒயர். சுற்றி இருக்கும் சூடு கூடினால் அந்த மணி வழியாகக் கரண்டு தாராளமாகப் போகும், ஃபேன் வேகம் ஏறும். குளிர்ந்தால் குறையும். இனி யாரும் திருக வேண்டாம், யார் கையும் தேவையில்லை. பெட்டியின் பக்கக் கதவைத் திறந்தே வைத்து, மணியை உள்ளே ஒயரோடு தொங்கவிட்டார். "பொட்டிக்குள்ள எங்க சூடானாலும் இதுக்குத் தெரிஞ்சிடும்" என்றார். நானும் நம்பினேன்.

கடைசித் தொகுப்பு கொடுக்க வேண்டிய நாள் வந்தது. கத்திரி வெயில். செங்கல்பட்டில் ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும், அதற்கு இரண்டரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். காலையில் உட்கார்ந்தபோது அறையில் டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அது மாமியாரின் டேபிள் ஃபேன். அவர் அதை யாருக்கும் தர மாட்டார். இரண்டு நாளாகப் பேசாதவர் எனக்காகக் கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்று மனசு இளகிப்போயிற்று. மதியம் போய் ஒரு வார்த்தை சமாதானமாகப் பேசிவிட வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

பெட்டி ஃபேன் சத்தமே இல்லை. டேபிள் ஃபேனின் மெல்லிய காற்றுச் சத்தம் மட்டும். வீட்டுக்காரரை மனசுக்குள் புகழ்ந்துகொண்டே அடித்தேன்.

பத்தரை மணிக்குத் திரை கறுத்தது.

நல்ல வேளை, பட்ட அனுபவத்தில் வரிக்கு வரி சேமித்துக்கொண்டிருந்தேன். மறுபடி போட்டேன். பத்து நிமிடம் ஓடி அணைந்தது. மறுபடி போட்டேன், ஏழு நிமிடம். பதினொன்று ஆகிவிட்டது. எட்டு பக்கம் பாக்கி.

அறையைச் சுற்றிப் பார்த்தேன். யாரும் எதையும் தொடவில்லை. அப்போதுதான் டேபிள் ஃபேனைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்து வைக்கப்படவில்லை. நேராகப் பெட்டியின் திறந்த பக்கத்தைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தது. ஆட்டம் நிறுத்தி, குமிழை அழுத்தி, கழுத்தைக் குறிபார்த்துத் திருப்பி வைத்திருந்தார் மாமியார்.

கையை உள்ளே விட்டேன். பிராசஸர் மேல் இருக்கிற அலுமினியத் தகடுகளில் விரல் பட்டது. சுட்டுவிட்டது. மணியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. டேபிள் ஃபேன் காற்றில் அது ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. காற்று தகடுவரைக்கும் போகவில்லை. நடுவில் பவர் சப்ளை டப்பாவும் பட்டை ஒயர்களும் மறைத்துக்கொண்டிருந்தன. மணிக்குக் குளுகுளு என்று இருந்ததால், எல்லாம் சுகம் என்று ஃபேனுக்குச் சொல்லிவிட்டது. ஃபேனும் நம்பித் தூங்கிவிட்டது. கீழே பிராசஸர் வெந்துகொண்டிருந்தது.

மாமியார் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீதான சொன்ன, அதுக்கு வேர்க்கும்னு. அதான் வெச்சேன்" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

வீட்டுக்காரர் கடைக்கு போன் போட்டேன். அவர்மேல் கோபம் நன்றாகவே வந்தது. "யோவ், காத்துல தொங்க உட்டா காத்தோட சூடுதான்யா அதுக்குத் தெரியும்! வேவற எடத்துல வெக்காம வேடிக்க பாக்கற எடத்துல வெச்சிக்கீற!"

அந்தப் பக்கம் சால்டரிங் கோலைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "ஆமாம்ல" என்றார். "தகடுக்கு நடுவுல சொருவி எதனா வெச்சிக் கட்டு. ஒயர் கால்ல பிளாஸ்டிக் ஸ்லீவ் போட்டுக்கீறேன், ஒண்ணியும் ஆவாது. தோ, நான் வந்துகினே கீறேன்."

"நீ வர்றதுக்குள்ள பஸ்ஸு செங்கல்பட்டு பூடும். வை போனை."

மெஷினை அணைத்துத் தகடு ஆறும் வரை காத்திருந்தேன். மணியை இரண்டு தகடுகளுக்கு நடுவே செருகினேன். கட்டத்தான் முடியவில்லை, சுட்ட விரல் மடங்கவில்லை. மாமியார் உள்ளே போய்ப் பூ கட்டுகிற நூலை எடுத்துவந்தார். என்னை நகரச் சொல்லிவிட்டு, பெட்டிக்குள் தலையை விட்டு, மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, மிச்ச நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். டேபிள் ஃபேனை அணைத்து, தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மெஷினைப் போட்டேன். சில நிமிடங்களில் பெட்டி ஃபேன் வேகம் பிடித்து, பழையபடி இரைய ஆரம்பித்தது. கேட்கச் சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. மெஷின் அணையவில்லை. ஆனால் வார்த்தையின் வால் மறுபடி கேட்கவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு டாக்டர் காரிடாரில் நடந்துகொண்டே நாலு வரி பேசியிருந்தார். அதைக் காலியாக விட்டுவிட்டு மற்றதை அடித்தேன்.

இப்போது வரும் பெட்டிகளில் ஃபேனுக்கு நாலு ஒயர். வோல்டேஜைக் குறைப்பது கிடையாது. நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை கரண்டைக் கொடுத்தும் நிறுத்தியும், கொடுக்கிற நேரத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தை வைக்கிறார்கள். சூடு பார்க்கிற மணி பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்று திரையில் கோடு போட்டுக் கொடுக்கலாம். எல்லாம் நல்லதுதான். எனக்கு அன்று இருந்தது பூ நூலில் கட்டிய ஒரு மிளகு.

ஒரு மணி சுமாருக்கு ஃபேன் சத்தம் தணிந்தது. முதலில் பயந்துவிட்டேன், மறுபடி மணி கழன்றுவிட்டதா என்று. தொட்டுப் பார்த்தேன், இருந்த இடத்தில் இருந்தது. சத்தம் இன்னும் இறங்கியது. ஜன்னலைப் பார்த்தேன். கொடியில் தொங்கிய புடவை அதுவரை தெருப்பக்கம் சாய்ந்து கிடந்தது, இப்போது வீட்டுக்குள் பார்த்துப் படபடத்தது. கடல் காற்று வந்துவிட்டது. எனக்கு உடம்பில் தெரிவதற்கு முன்னால் அந்த மணிக்குத் தெரிந்துவிட்டது.

காலியாக விட்ட நாலு வரியை எடுத்தேன். ஆறு முறை கேட்டேன். ஆறாவது முறை வால் உட்பட முழுசாகக் கேட்டது. அடித்தேன், ஃபிளாப்பியில் ஏற்றினேன், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். திருக்கழுக்குன்றம் தாண்டிய பிறகுதான் கம்ப்யூட்டரை அணைக்காமல் வந்துவிட்டது ஞாபகம் வந்தது.

செங்கல்பட்டு ஆபீஸில் மேற்பார்வை பார்த்த அம்மா என்னைப் போலவே சிரிக்காதவர். அதனாலேயே எனக்குப் பிடிக்கும். ஃபிளாப்பியிலிருந்து பிரின்ட் எடுத்து, என் எதிரிலேயே உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் திருத்தினார். கடைசிப் பக்கத்தில் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்த நாலு வரி இங்க யாருக்குமே கேக்கல. உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"கடக்காத்து வந்தப்புறம் கேட்டேன் மேடம்."

அவர் மறுபடி பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். விளக்கம் கேட்கவில்லை. "திங்கக்கிழமை வந்து அடுத்த சிடி வாங்கிக்கோங்க. இனிமே ரெகுலர்" என்றார்.

வீட்டுக்கு வரும்போது இருட்ட ஆரம்பித்திருந்தது. மாமியார் அடுப்படியில் இருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"இன்னா ஆச்சி?"

"கெடச்சிடுச்சி அத்த."

"அப்ப அந்தக் கண்ணாடி?"

"அவனே பாத்துக்கட்டும்."

ஹும் என்றார். இரண்டு நாளைக்குப் பிறகு என் தட்டு சத்தமில்லாமல் தரைக்கு வந்தது.

சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போனேன். டியூப்லைட் அணைந்திருந்தது. மேலே சீலிங் ஃபேன் நின்றிருந்தது. ஜன்னல் திரை இழுத்துவிடப்பட்டிருந்தது. கம்ப்யூட்டர் மட்டும் மதியத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியின் திறந்த கதவு விளிம்பில், லாட்ஜ் அறைகளில் கதவுப் பிடியில் மாட்டும் அட்டை ஒன்று தொங்கியது. ஓரம் நைந்து, எழுத்து மங்கி, தமிழிலும் இங்கிலீஷிலும் 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்று. ஓய்வு பெற்றபோது எடுத்து வந்தாரோ என்னவோ, அதுவரை நான் பார்த்ததில்லை.

பின்னாலேயே வந்து நின்ற மாமியார் சொன்னார்.

"உள்ள ஆளு கீது. அதான் நிறுத்தல."